கடல் கடக்கும் பத்திரங்கள்

ஒரு நாட்டின் நாணயம் அந்நாட்டின் எல்லைக்குள்ளேதான் தடையின்றிச் செல்லும். எல்லை கடந்தால் அதனை மாற்றியே தீரவேண்டும். அரசாங்கப் பத்திரங்களின் நிலையும் ஏறக்குறைய இதுவேயாகும். வவுனியாவில் ஒரு தந்தை தம் பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கச் செல்லும்போது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கொடுக்கிறார். அதிபர் அதனை ஒருமுறை நோக்கிவிட்டு ஏற்றுக்கொள்கிறார். அதே பத்திரம் துபாயிலோ ரோமாபுரியிலோ இருக்கும் ஓர் இலிகிதரின் மேசைக்குச் சென்றால், அவர் அதனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறார். அதன் மொழி அவருக்குத் தெரியாது. கையொப்பமிட்ட பதிவாளர் யார் என்பது தெரியாது. அடியிலுள்ள முத்திரை அரசாங்க முத்திரையா, சந்தையில் வெட்டிய முத்திரையா என்பதும் தெரியாது. அவருடைய தயக்கத்தை அவமதிப்பாகக் கொள்ளுதல் தவறு. தாம் அறியாத ஒருவரின் கையொப்பத்தை நம்பி ஒரு விசாவையோ, ஓய்வூதியத்தையோ, வேலையையோ வழங்கவேண்டிய பொறுப்பு அவர்மேல் இருக்கிறது.

அந்தத் தயக்கத்தை நீக்குவதற்கென ஏற்பட்ட ஒழுங்கையே ஆவணங்களை உறுதிப்படுத்தல் என்கிறோம். வெளிநாடு செல்லும் மாணவர், தொழிலாளர், அங்குள்ள கணவரோடு சேரச் செல்லும் மனைவி, அங்கு இறந்தவரின் சேமிப்பைக் கோரும் குடும்பம் ஆகிய யாவரும் இந்த ஒழுங்கின் வாயிலாகவே செல்ல நேரிடுகிறது. ஆயினும் அந்த முத்திரைகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அறியாமையினால் பணமும் மாதங்களும் வீணாகின்றன. சில வேளைகளில் கைக்கெட்டிய வேலையும் பல்கலைக்கழக அனுமதியும் கைவிட்டுப் போகின்றன.

முத்திரை எதைச் சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்ளத் தமிழ் மக்களுக்கு வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. பெரியபுராணத்திலே, சுந்தரரின் திருமணத்தைத் தடுத்து, அவர் தமக்கு அடிமை என்று வழக்காட வந்த முதியவரின் கதையைச் சேக்கிழார் கூறுகிறார். முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிந்துவிட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது. கிழிக்கப்பட்டது படியோலையே என்றும் மூல ஓலை தம்மிடம் உளது என்றும் கூறி முதியவர் அதனைச் சபையோரிடம் கொடுத்தார். ஓலையை எழுதியவர் சுந்தரரின் பாட்டனார் என்று அதிற் கண்டிருந்தது. சபையோர் யாது செய்தனர்? பாட்டனார் முன்னர் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தை ஒப்பு நோக்கினர். இரண்டும் ஒத்திருந்தன. அதன் பின்னரே தீர்ப்பு வந்தது.

ஆவணத்தை மெய்ப்பிக்கும் முறையின் மூன்று அடிப்படைகளும் இக்கதையில் அடங்கியுள்ளன. மூலம் வேறு, படி வேறு என்பது முதலாவது. ஒரு கையெழுத்தை மெய்யென்று காண, ஐயத்துக்கு இடமின்றிக் காப்பில் வைக்கப்பட்ட இன்னொரு கையெழுத்தோடு அதனை ஒப்பிடவேண்டும் என்பது இரண்டாவது. அவ்வாறு ஒப்பிடுபவர் இரு தரப்பாரும் நம்பும் இடத்தில் இருக்கவேண்டும் என்பது மூன்றாவது. இன்றைய வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சுகள் செய்வதும் இதுவேயாகும்.

இலங்கையில் நடைமுறை இவ்வாறு அமைந்திருக்கிறது. ஒரு திருமணப் பதிவின் சான்றுப் பிரதியைப் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் தம் கையொப்பத்தோடும் முத்திரையோடும் வழங்குகிறார். அது முதலாவது கண்ணி. பின்பு அப்பிரதி வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் அலுவல்கள் பிரிவுக்குச் செல்கிறது. பத்திரங்களை வழங்கும் உத்தியோகத்தர்களின் மாதிரிக் கையொப்பங்கள் அங்கே உள்ளன. பத்திரத்திலுள்ள கையொப்பம் மாதிரியோடு ஒத்திருப்பின், அதனை இட்டவர் இன்ன பதவியில் உள்ள உத்தியோகத்தரே என்று அமைச்சு தன் முத்திரையை இடுகிறது. அது இரண்டாவது கண்ணி. அடுத்து, பத்திரம் எந்த நாட்டுக்குச் செல்கிறதோ அந்த நாட்டின் கொழும்புத் தூதரகம், தனக்குத் தெரிந்த அமைச்சு உத்தியோகத்தரின் கையொப்பத்தைப் பார்த்துத் தன் முத்திரையை இடுகிறது. அது மூன்றாவது கண்ணி. ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற நாடுகளில், அங்கு சென்ற பின்னர் அந்நாட்டு வெளிநாட்டு அமைச்சின் முத்திரையையும் பெறவேண்டியிருக்கிறது.

ஒருவர் மற்றொருவரைத் தமக்குத் தெரியும் என்கிறார். அந்த மற்றவர் வேறொருவரைத் தெரியும் என்கிறார். இவ்வாறு தெரிந்தவர் வழியே தெரிந்தவரைத் தேடிச் சென்று, ஈற்றில் துபாயில் இருக்கும் இலிகிதர் தமக்குத் தெரிந்த ஒரு கையொப்பத்தைக் காண்கிறார். இதற்கு மேல் இந்தச் சங்கிலியில் மறைபொருள் எதுவும் இல்லை.

இங்கே மிகக் கவனமாக நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமைச்சின் முத்திரையோ தூதரகத்தின் முத்திரையோ பத்திரத்தில் எழுதப்பட்டவை உண்மை என்று ஒருபோதும் கூறுவதில்லை. பிறந்த திகதி தவறாகப் பதியப்பட்டிருந்தால், மூன்று முத்திரைகள் ஏறிய பின்னரும் அது தவறான திகதியே. தந்தையின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தால் அந்தப் பிழையும் முத்திரைகளோடு சேர்ந்து கடல் கடக்கும். உறுதிப்படுத்தப்படுவது கையொப்பமும், கையொப்பமிட்டவரின் பதவியும், முத்திரையின் மெய்ம்மையும் மாத்திரமே. முத்திரைகள் பெருகப் பெருகப் பத்திரத்தின் உண்மையும் பெருகும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தை விடுத்தவரே தம் பத்திரத்தைச் சரியான இடத்தில் திருத்திக்கொள்ளச் செல்வர்.

இந்தச் சங்கிலி நீளமானது என்பதை உலக நாடுகள் நெடுங்காலமாகவே உணர்ந்திருந்தன. ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரில் கூடும் சர்வதேசத் தனியார் சட்ட மாநாடு இதற்கென ஓர் உடன்படிக்கையை வகுத்தது. 1961 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆம் திகதி கையெழுத்திடப்பட்ட அவ்வுடன்படிக்கை 1965 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் கருத்து எளியது. உடன்படிக்கையிற் சேர்ந்த ஒவ்வொரு நாடும் தன்னகத்தே ஓர் அதிகாரியையோ சிலரையோ நியமிக்கும். அவர் பத்திரத்தின்மேல், அல்லது அதனோடு இணைத்த தாளின்மேல், ஒரே ஒரு சான்றை இடுவார். சேர்ந்துள்ள ஏனைய நாடுகள் அதற்கு மேல் தூதரக முத்திரை எதனையும் கேட்கலாகாது. அந்தச் சான்றுக்குப் பிரெஞ்சு மொழியில் அப்போஸ்டில் என்று பெயர்.

அப்போஸ்டிலின் வடிவத்தையும் உடன்படிக்கையே வரையறுத்திருக்கிறது. பக்கம் ஒன்று 9 சென்ரிமீற்றருக்குக் குறையாத சதுரமாக அது இருத்தல் வேண்டும். தலைப்பு எந்த நாட்டிலும் பிரெஞ்சு மொழியிலேயே இருக்கும். அதன் கீழ் இலக்கமிட்ட பத்து விடயங்கள் உள்ளன. பத்திரம் எந்த நாட்டினது, கையொப்பமிட்டவர் யார், எந்தப் பதவியில் கையொப்பமிட்டார், யாருடைய முத்திரை அதில் உளது என்பன முதல் நான்கு. சான்று எங்கே வழங்கப்பட்டது, எத்திகதியில், யாரால், எந்த இலக்கத்தின் கீழ் என்பன அடுத்த நான்கு. அதிகாரியின் முத்திரையும் கையொப்பமும் கடைசி இரண்டு. வழங்கும் அதிகாரி ஒவ்வொன்றையும் ஒரு பதிவேட்டிற் குறித்துவைக்கவேண்டும். வெளிநாட்டிலுள்ள ஒருவருக்கு ஐயம் எழுந்தால், அவர் அந்த இலக்கத்தைக் கூறி விசாரிக்கலாம்; பதிவேட்டோடு ஒப்பிட்டு விடை கூறுதல் அதிகாரியின் கடமை. காப்பிலிருந்த ஓலையை வருவித்து ஒப்பு நோக்கிய திருவெண்ணெய்நல்லூர்ச் சபையின் முறையே இங்கு பதிவேடாக மாறியிருக்கிறது. 2006 ஆம் ஆண்டு முதல் மின்னணு வடிவில் அப்போஸ்டில் வழங்குவதற்கும் பதிவேட்டைக் கணினி வழியே பார்வையிடுவதற்குமான திட்டமும் வளர்ந்து வந்திருக்கிறது.

நீதிமன்றப் பத்திரங்கள், நிருவாகப் பத்திரங்கள், நொத்தாரிசு எழுதிய உறுதிகள், தனியார் பத்திரங்களின்மேல் உத்தியோகத்தர் இட்ட சான்றுகள் ஆகியன இவ்வுடன்படிக்கையில் அடங்கும். தூதுவர்களும் கொன்சியூலர் உத்தியோகத்தர்களும் தாமே எழுதும் பத்திரங்களும், வணிகத்தோடும் சுங்கத்தோடும் நேரே தொடர்புள்ள நிருவாகப் பத்திரங்களும் அடங்கா.

இன்று நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்துள்ளன. இந்தியாவில் அது 2005 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆம் திகதியும், சீனாவில் 2023 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதியும், கனடாவில் 2024 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் திகதியும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் இணைந்த நாடுகள் யாவும் ஒன்றையொன்று ஏற்றே தீரவேண்டும் என்பதில்லை. புதிதாகச் சேரும் நாட்டைக் குறித்து ஏற்கெனவே சேர்ந்த நாடு ஆட்சேபம் தெரிவிக்கலாம். இந்தியா சேர்ந்தபோது ஜேர்மனி அவ்வாறு தெரிவித்தது. அத்தகைய இரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை செல்லாது.

இலங்கை 2001 ஆம் ஆண்டு முதல் ஹேக் மாநாட்டின் உறுப்பு நாடு. எனினும் 2024 ஆம் ஆண்டின் இறுதிவரை அப்போஸ்டில் உடன்படிக்கையில் அது சேர்ந்திருக்கவில்லை. ஒரு நாடு சேர்ந்தும் மற்றது சேராமலும் இருக்கும்போது பழைய சங்கிலியே நிற்கும். இதனை அறியாததால் பலர் இடர்ப்படுகின்றனர். தமிழகத்தில் ஏதிலிகளாக வாழ்ந்த குடும்பங்கள் இதற்குத் தக்க உதாரணம். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. அப்பிள்ளைகள் இலங்கைக் குடியுரிமை பெறுவதற்கு, அச்சான்றிதழைக் கொண்டு சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தின் மூலம் பிறப்பைப் பதிவு செய்யவேண்டும். இந்திய அப்போஸ்டில் ஒன்றைப் பெற்றுவிட்டால் எந்த நாட்டிலும் எல்லாம் முடிந்தது என்று எண்ணுபவர், உடன்படிக்கையிற் சேராத நாட்டின் வாயிலில் நின்று திரும்பவேண்டியிருக்கும்.

ஆகவே எந்தப் பத்திரத்தையும் உறுதிப்படுத்தப் புறப்படுமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, அதனைப் பெறப்போகும் அலுவலகம் எதைக் கேட்கிறது என்பதாகும். சில நாடுகளின் குடிவரவு அலுவலகங்கள் சான்றுப் பிரதியும் மொழிபெயர்ப்பும் போதும் என்கின்றன. சில பல்கலைக்கழகங்கள் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து பெறுபேறு நேரே வரவேண்டும் என்கின்றன. வேறு சில நாடுகள் ஒரு முத்திரையும் குறையாமற் கேட்கின்றன. கேளாத முத்திரைக்குச் செலவிடுவதும் கேட்ட முத்திரையை விட்டுச் செல்வதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள்.

இனி, சங்கிலி அறுந்துபோகும் இடங்களைப் பார்ப்போம். அது பெரும்பாலும் தூதரகத்தில் அறுவதில்லை. முதலாவது கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. பெட்டகத்தில் முப்பது ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்த பிறப்பு அத்தாட்சியை ஒருவர் கொண்டு செல்கிறார். அதில் கையொப்பமிட்ட பதிவாளர் இளைப்பாறி நெடுங்காலமாயிற்று. அவருடைய மாதிரிக் கையொப்பத்தைத் தேடிப்பிடித்தல் எளிதன்று. வேறொருவர் மழையும் கறையானும் அணுகாதிருக்கப் பத்திரத்தைப் பிளாஸ்ரிக் உறையிட்டு ஒட்டிவிடுகிறார். அதன்மேல் மையும் பற்றாது, முத்திரையும் பதியாது. இத்தகையோர் செய்யவேண்டியது ஒன்றே. பிரதேச செயலகத்தில் புதிய சான்றுப் பிரதிக்கு விண்ணப்பித்து, இன்று பதவியில் உள்ள உத்தியோகத்தரின் கையொப்பத்தோடு அதனைப் பெறவேண்டும். ஒளிப்படப் பிரதி எத்துணைத் தெளிவாக இருப்பினும் அது படியோலையே.

தமிழரின் பத்திரங்களில் மிகுதியாகக் காணப்படும் இடர் பெயரைப் பற்றியது. கணபதிப்பிள்ளை என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். ழகரத்துக்கு ஒருவர் ஓர் எழுத்தையும் மற்றொருவர் இரண்டு எழுத்தையும் இடுவர். தந்தையின் பெயர் பிறப்புப் பதிவில் முழுமையாகவும், பாடசாலைச் சான்றிதழில் ஒரே முதலெழுத்தாகவும், கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகவும் நிற்கிறது. ஊரில் இவை யாவும் ஒருவரையே குறிக்கும் என்பதை எவரும் அறிவர். நோர்வேயிலோ பிரான்சிலோ உள்ள இலிகிதருக்கு அவை மூன்று வேறு மனிதர்களின் பெயர்கள். பிறப்புப் பத்திரத்தைத் தமிழிலிருந்து பெயர்க்கும் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டையும் உடன் கொடுத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றுமாறு கேட்டுக்கொண்டால் இவ்விடரின் பெரும்பகுதி நீங்கும். மூலப்பதிவிலேயே பிழை இருப்பின் மொழிபெயர்ப்பில் அதனைத் திருத்தலாகாது. பதிவாளர் நாயகத் திணைக்களத்துக்கு உரிய முறையில் விண்ணப்பித்துப் பதிவையே திருத்துவிக்க வேண்டும். மொழிபெயர்ப்பும் மூலமும் வெவ்வேறு பத்திரங்கள் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். மூலத்தில் ஏறிய முத்திரை மொழிபெயர்ப்பைக் காவாது. மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்துக்குத் தனியே உறுதி வேண்டப்படலாம்.

வடக்கிலும் கிழக்கிலும் போரினால் இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த இடர்கள் பன்மடங்காயின. கையில் எடுத்துச் சென்ற பத்திரங்கள் வழியிலே தொலைந்தன. சிலருடைய பிறப்பு, பதியப்படாமலே போயிற்று. பதிவு கிடையாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஒன்று உண்டு. அது வயதுக்குச் சான்றாகுமேயன்றிப் பெற்றோருடன் உள்ள உறவை நிலைநாட்டப் போதாது. அதனால் பிள்ளையைத் தம்மிடம் அழைக்க விரும்பும் வெளிநாட்டுத் தந்தையர் வேறு சான்றுகளைத் தேட நேரிடுகிறது.

இதனினும் வேதனை மிக்கது காணாமற்போனோர் குடும்பங்களின் நிலை. பிள்ளையை வெளிநாடு அனுப்பத் தந்தையின் சம்மதப் பத்திரத்தையோ இறப்புப் பத்திரத்தையோ ஓர் அலுவலகம் கேட்கிறது. தாயிடம் இரண்டும் இல்லை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவரின் இறப்பைப் பதிவதற்கு வழி செய்தது. ஆனால் கணவர் இறந்தார் என்று தாமே விண்ணப்பத்திற் கையொப்பமிட மனம் ஒப்பாத பெண்கள் பலர் இருந்தனர். 2016 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, ஒருவர் இறந்தார் என்று கூறாமல், அவரைக் காணவில்லை என்பதை மட்டும் கூறும் சான்றிதழுக்கும் இடம் ஏற்பட்டது. அமைச்சின் முத்திரைக்கு இந்த இரு பத்திரங்களிடையே வேற்றுமை கிடையாது. இரண்டிலும் அது கையொப்பத்தையே நோக்கும். பத்திரத்தில் எந்தச் சொல் நிற்கவேண்டும் என்பது, முத்திரை இடப்படுவதற்கு நெடுநாள் முன்னரே, அந்தப் பெண் தீர்மானிக்கவேண்டிய விடயமாக இருக்கிறது.

கொன்சியூலர் பிரிவின் சேவை இன்று பத்தரமுல்லையில் மட்டுமன்றி யாழ்ப்பாணம், கண்டி, மாத்தறை, குருநாகல் ஆகிய நகரங்களிலுள்ள பிராந்திய அலுவலகங்களிலும் கிடைக்கிறது. பருத்தித்துறையிலிருந்து ஒருவர் இரவுப் பேருந்தில் தலைநகர் சென்று, ஒரு தாள் குறைந்தமையால் வெறுங்கையோடு திரும்பிய காலத்தை நினைத்தால் இது பெரிய ஆறுதல். எனினும் அலுவலக வாயிலில் நின்று, வரிசையின்றி முத்திரை வாங்கித் தருவதாகக் கூறும் தரகர்கள் எங்கும் உளர். அவர்கள் பெற்றுத் தரும் முத்திரை பதிவேட்டில் இல்லாத முத்திரையாக இருந்துவிட்டால், பத்திரத்தைக் கொண்டு சென்றவரே குற்றத்துக்கு விடை கூறவேண்டும். பொய்ப் பத்திரம் காட்டியவர் என்ற குறிப்பு ஒரு நாட்டின் குடிவரவுக் கோவையில் ஏறினால், பின்னர் கொண்டு செல்லும் மெய்ப் பத்திரங்களும் ஐயத்தோடே நோக்கப்படும்.

என்றாவது ஒருநாள் இலங்கையும் உடன்படிக்கையிற் சேருமாயின் பல கண்ணிகளைக் கொண்ட சங்கிலி ஒரே கண்ணியாகச் சுருங்கும். அப்பொழுதும் முதலாவது கண்ணி மாறாது. இலங்கைச் சட்டப்படி ஒரு பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். அந்நாளில், மருத்துவமனையிலிருந்து வீடு வந்த களைப்போடு, பெற்றோர் பதிவாளர் முன்னிலையில் தகவல்களைக் கூறுகின்றனர். பெயரின் எழுத்து, தந்தையின் முழுப்பெயர், தாயின் முழுப்பெயர், பிறந்த இடம் ஆகியவற்றை அவர் எழுதியதும் ஒருமுறை உரக்க வாசிக்குமாறு கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்த பின்னர் கையொப்பமிடுவதற்கு ஐந்து நிமிடங்கள்கூடச் செல்லா. இருபது ஆண்டுகளின் பின்னர் அப்பிள்ளை எந்தக் கடலைக் கடக்கும் என்பதை எவரும் அறியார். எங்கு சென்றாலும் அன்று எழுதிய அந்த வரிகளையே அது கையில் ஏந்திச் செல்லும்.